நெவிலின் மூக்கு

நெவில் பிராட்பரி தன் பேத்தியின் போட்டோவைக் காட்டாத ஆள் ஸ்கெல்பி கடைத்தெருவில் ஒருவரும் மிச்சமில்லை. மீன்கடைக்காரர் பார்த்தாகிவிட்டது. தபால் ஆபீஸ் வரிசையில் முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் பார்த்தாகிவிட்டது. காருக்கு அபராதச் சீட்டு ஒட்ட வந்த அம்மாகூட, சீட்டை ஒட்டிவிட்டுத்தான் என்றாலும், நின்று பார்த்துவிட்டுப் போனார். எடித் பிறந்து பதினோரு வாரம். தலையில் ஒரு முடி கிடையாது. கன்னம் மட்டும் இரண்டு பன் மாதிரி.

"யாரு ஜாடைன்னு சொல்லு பாப்போம்?" என்று கேட்பார் நெவில்.

"உன் ஜாடைதான்டா. பல்லும் இல்ல, முடியும் இல்ல," என்பார் கிளைவ்.

கிளைவ் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பள்ளிக்கூடத்தில் இருந்து நெவிலுக்குச் சிநேகிதர். காலையிலேயே ஆல்டர்மன் ஹிக்ஸ் பப்புக்கு வந்து பதினாலாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்துவிடுவார். எதிரில் ஹெட்டி. எழுபத்து நாலு வயது, பள்ளிக்கூட வாசலில் கார்களை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை தாண்டவைத்தவர். இன்றைக்கும் அவர் கையைத் தூக்கினால் லாரிக்காரன் பிரேக் போடுவான்.

ஆல்டர்மன் ஹிக்ஸ், நாடு முழுக்க ஒரே நிறுவனம் நடத்துகிற நூற்றுக்கணக்கான பப்களில் ஒன்று. பழைய சினிமாக் கொட்டகையை எடுத்துக் கட்டியது. எட்டு மணிக்கே முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ் எல்லாம் கிடைக்கும். போனில் தட்டினால் மேஜைக்கே தட்டு வந்துவிடும். கண்ணைப் பறிக்கிற கார்ப்பெட். இதையெல்லாம் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவர்கள் ஊரில் உண்டு. ஆனால் பீப்பாய் பீர் குடிக்க வேண்டுமென்றால் அவர்களும் ஓசைப்படாமல் இங்கேதான் வருவார்கள். காரணம் நெவில்.

பீப்பாய் பீர் உயிருள்ள சரக்கு. ஆலையில் இருந்து வரும்போதே உள்ளே ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும். வந்ததும் நிலவறையில் படுக்கப் போட வேண்டும். அப்புறம் அதைத் தொடவே கூடாது. மேலே ஒரு மர ஆப்பு அடித்தால் உஸ்ஸென்று மூச்சு விடும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து வண்டல் அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி தெளியும். குழாய் மாட்டித் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். கியாஸ் ஏற்றி வருகிற பீருக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் விற்கலாம்.

"தூங்குறப்போ அசைக்கக் கூடாது, வேர்க்க விடக் கூடாது, கொஞ்சம் உஸ்ஸுன்னா உடனே ஓடிப்போயி தூக்கக் கூடாது," என்று நெவில் சொல்வார். இப்போதெல்லாம் அவர் பீப்பாயைச் சொல்கிறாரா எடித்தைச் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரிவதில்லை.

நெவில் இந்த வேலைக்குப் படித்து வந்தவர் இல்லை. இருபத்து நாலு வருஷம் பால் டேங்கர் ஓட்டினார். பண்ணையில் போய் பால் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு முறை மூக்கால் இழுப்பார். நல்லதென்றால் ஏற்றிக்கொள்வார், இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்புவார். மாடு காட்டுப் பூண்டு மேய்ந்திருந்தால் அவருக்குத் தெரியும். பண்ணைக்காரன் முந்தின நாள் பாலைக் கலந்திருந்தால் அதுவும் தெரியும். ஒரு கெட்ட தொட்டியை ஏற்றினால் டேங்கர் முழுக்கப் போச்சு. அந்த இருபத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு நாள்கூட நடந்ததில்லை.

பால் கம்பெனி மூடிய பிறகு இந்தப் பப்பில் தட்டுப் பொறுக்க வந்தார். ஒரு கோடைக்காலம், ஜனங்கள் பைண்ட் கிளாஸில் பாதிப் பாதி பீரை மேஜையில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தார். மிச்சத்தை முகர்ந்து பார்த்தார். நேராக நிலவறைக்கு இறங்கினார். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பீப்பாய்களுக்குப் பக்கத்தில் சிப்ஸ் அட்டைப்பெட்டி, ஈரத் துடைப்பம், யாருடைய சைக்கிளோ ஒன்று. "ஒரு வாரம் சாவியை எங்கிட்டக் குடுங்க," என்று அன்றைய மேனேஜரிடம் கேட்டார். அந்த ஒரு வாரம் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

தினமும் காலை எட்டரைக்கு, பீர் விற்கத் தொடங்கும் முன், நிலவறையில் இருந்து பீரை மேலே இழுக்கிற ஐந்து கைப்பம்பிலும் ஒவ்வொரு மிடறு இழுப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். முகர்வார். கடைசியில்தான் நாக்கில் வைப்பார். "கண்ணு பொய் சொல்லும், நாக்கு இச்சகம் பேசும், மூக்கு மட்டும்தான் வாங்கின சம்பளத்துக்கு வேலை பாக்கும்," என்பார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எடித் அவர் முகத்தில் தும்மினாள். நேருக்கு நேர், வாய் நிறைய. நெவிலுக்கு அதில் பெருமைதான். "பாத்தியா என்ன பலம்!" என்று மகளிடம் சொன்னார். மறுநாளே அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. நாலு நாள் ஒழுகி, அப்புறம் நின்றது. மூச்சு தாராளமாக வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் தின்ற பன்றி இறைச்சி காகிதம் மாதிரி இருந்தது. புதுச் சமையல்காரனைத் திட்டினார். காபி வெந்நீராக இருந்தது. மெஷினைத் திட்டினார். மனைவி மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை'யில் ருசியே இல்லை. அதற்கு மட்டும் யாரையும் திட்டாமல் முழுசாகத் தின்றுவிட்டு எழுந்தார்.

அது வசந்தகாலப் பீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. புதன் காலை தொடங்கினால் பன்னிரண்டு நாள், முப்பது வகை. ருசி பார்த்து எழுதிவைக்கிற பீர் ரசிகர்கள் நோட்டுப்புத்தகமும் கையுமாக ரயிலேறி வருவார்கள். முதல் பதினெட்டுப் பீப்பாய் நிலவறையில் படுத்திருந்தது. நெவில் அவற்றை ஒரு வாரமாகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மகள் லோர்னா தள்ளுவண்டியோடு வந்தாள். பதினாலாம் நம்பர் மேஜையில் இடம் போட்டுக்கொடுத்தார்கள். ஹெட்டி குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். நெவில் சாப்பாட்டு வேளைக்குத் தனக்கென்று அரை பைண்ட் டிங்கர் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டிங்கர், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் செய்கிற கசப்பு ஏல் வகைப் பீர். சனிக்கிழமை திறந்த பீப்பாய்.

லோர்னா பால் கொடுக்கிறவள், குடிப்பதில்லை. ஆசைக்கு அப்பாவின் கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்தாள். வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தாள்.

"அப்பா, இது என்ன?"

"டிங்கர். ஏம்மா?"

"சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்து முட்டி பேந்தா ஒரு மருந்து ஊத்துவீங்களே... எரியுமே... அந்த நாத்தம் அடிக்குதுப்பா!"

நெவில் சிரித்தார். கிளாஸை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்தார். தேன் மாதிரி மின்னியது.

"நல்லாத்தான இருக்கு?" என்று மேஜையைப் பார்த்தார்.

ஹெட்டி குழந்தையின் காலுறையைச் சரிசெய்யத் தொடங்கினார். கிளைவ் கார்ப்பெட்டைப் பார்த்தார்.

"ஹெட்டி?"

"என்ன கண்ணு?"

"நாத்தம் அடிக்குதா?"

"நாத்தம்னு சொல்ல முடியாது... ஒரு இது..."

"எப்போலேருந்து?"

"சனிக்கிழமை," என்றார் ஹெட்டி, ரொம்பச் சின்னக் குரலில்.

"சனிக்கிழமையா! மூணு நாளா குடிச்சிட்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நான் என் பல்செட்டு ஊறப்போட்ட தண்ணி வாசனைன்னு நெனச்சேன் கண்ணு. புது மாத்திரை வாங்கியிருந்தேன்."

நெவில் கிளைவ் பக்கம் திரும்பினார். "நீ?"

"நான் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம்னு..."

"ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு பைண்ட் குடிச்சியேடா!"

"நீ வந்து பக்கத்துல நின்னு 'எப்படிடா இருக்கு?'ன்னு கேட்டே. நான் 'அருமை'ன்னுட்டேன். சொன்னதுக்கப்புறம் குடிக்காம எப்படிடா எந்திரிக்கிறது? அதுவும் பேத்தி பொறந்த சந்தோஷத்துல இருக்கிறவன்கிட்ட..."

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நெவிலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவர் மேஜையில் இருந்த கடுகு விழுதைத் திறந்து முகர்ந்தார். ஒன்றும் இல்லை. எழுந்து சமையலறைக்குள் போய் வெட்டின வெங்காயத்தில் மூக்கை வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. வெளியே குப்பைத் தொட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். மீன் தோல், முட்டைக்கோஸ், நேற்றைய கிரேவி. சுத்தமான காற்று மாதிரி இருந்தது.

திரும்பி வந்து டிங்கர் பம்பில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை எடுத்து, எழுத்து தெரியாமல் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினார். இந்த பீர் இப்போது இல்லை என்று அர்த்தம். அப்புறம் நிலவறைக்கு இறங்கி, கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தார்.

பதினெட்டுப் பீப்பாயும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றிரண்டு மெல்ல உஸ்ஸென்றன. கண்ணால் பார்த்து இவற்றையெல்லாம் அவர் நடத்திவிடலாம். தெளிவு பார்க்கலாம், நுரை பார்க்கலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. மருந்தை ஊற்றிக் கொடுத்தாலே 'அருமை' என்று குடித்துவிட்டுப் போகிற ஜனம். அப்படியென்றால், இந்த ஊரில் அவர் கெட்டதை விற்றால் அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லை. பண்ணையில் மூடியைத் திறந்து முகராமலே பாலை ஏற்றினது மாதிரி.

சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேலே மேனேஜர் அறைக்குப் போனார்.

மோய்ரா ஸ்காட்லாந்துக்காரி. ஆறு வருஷமாக இந்தப் பப்பை நடத்துகிறாள். மேஜை மேல் விழுந்த சாவியைப் பார்த்துவிட்டு நெவிலைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"மூக்கு போச்சு. ரெண்டு வாரமா எதுவும் தெரியல. டிங்கர் கெட்டுப் போயிருக்கு. நான் பாட்டுக்கு வித்துக்கிட்டிருந்தேன்."

"சனிக்கிழமை நானே அரை பைண்ட் குடிச்சேன்," என்றாள். "தரை கழுவின மருந்துன்னு நெனச்சேன்."

"நீங்களுமா?"

"நீங்க இழுத்துக் குடுத்ததாச்சே. தரையைத்தான் சந்தேகப்படத் தோணுச்சு." அவள் பெருமூச்சு விட்டாள். "நெவில், திருவிழா நாளைக்கு. நான் மேலிடத்துக்குச் சொன்னா டங்கனை அனுப்புவாங்க."

டங்கன் ரயில்வே ஸ்டேஷன் கிளையின் நிலவறைக்காரன்.

"டங்கனா? அவன் பீரைக் குளிரவச்சுக் குளிரவச்சு ஐஸ்கிரீம் ஆக்கிடுவான்!"

"அவனுக்கு மூக்கு இருக்கே."

டங்கன் வந்தால் பன்னிரண்டு நாளோடு போய்விட மாட்டான். மூக்கில்லாதவனுக்கு எதற்குச் சாவி என்று மேலிடத்தில் ஒரு தரம் எழுதிவிட்டால் எழுதினதுதான். தட்டுப் பொறுக்கத்தான் திரும்பிப் போக வேண்டும்.

கதவைத் தட்டாமலே ஹெட்டி உள்ளே வந்தார். பின்னால் கிளைவ். இருவரும் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"மூக்கு எங்ககிட்ட இருக்கு," என்றார் ஹெட்டி. "எனக்கொண்ணு, இவனுக்கொண்ணு."

"இருந்து என்ன?" என்றாள் மோய்ரா. "மூணு நாளா மருந்தைக் குடிச்சிட்டு அருமைன்னு சொன்ன மூக்குதானே?"

"மூக்கு சரியாத்தான் சொல்லுச்சு கண்ணு. வாய்தான் வரல. இவன் மூஞ்சியைப் பாத்துட்டு உன் பீர் கெட்டுப்போச்சுன்னு யாரால சொல்ல முடியும்? குழந்தை போட்டோவை வேற கையில வச்சிக்கிட்டு நிக்கிறான்."

"அப்ப மூஞ்சியைப் பாக்காதீங்க," என்றார் கிளைவ் திடீரென்று. "வாயையும் தொறக்க வேணாம். கிளாஸுக்கு அடியில வைக்கிற பீர் அட்டை இருக்கில்ல? நல்லா இருந்தா படம் மேல. கெட்டுப்போயிருந்தா கவுத்து வைக்கிறது. இவன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கட்டும்."

எல்லோரும் கிளைவைப் பார்த்தார்கள். நாற்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான யோசனை அது என்று ஹெட்டி பிற்பாடு சொன்னார்.

மோய்ரா சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக் காலைல எட்டரைக்கு ஆறு கிளாஸ் வைப்பேன். நாளைக்குப் பம்புல வர்ற அஞ்சு, அதோட நடுவுல எங்கயாவது இந்தக் கெட்டுப்போன டிங்கர். எது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். டிங்கர் முன்னால ஒரு அட்டை படத்தோட இருந்தாலும் நான் போனை எடுத்து டங்கனைக் கூப்பிடுவேன். சரியா?"

புதன் காலை பதினாலாம் நம்பர் மேஜையில் ஆறு கிளாஸ்கள் வந்து உட்கார்ந்தன. ஹெட்டி பல்செட்டைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டு வந்திருந்தார். கிளைவ் முழங்காலுக்குத் தைலம் போடாமல் நொண்டிக்கொண்டு வந்திருந்தார். நெவில் கவுண்ட்டருக்கு உள்ளே, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த பம்பையே துடைத்துக்கொண்டு நின்றார்.

உறிஞ்சுகிற சத்தம். அட்டை மேஜையில் படுகிற சத்தம். முதல் கிளாஸ், படம். இரண்டாவது, படம். மூன்றாவது கிளாஸை எடுத்த ஹெட்டியின் முகம் சுருங்கியது. மோய்ரா முகத்தில் எதையும் காட்டவில்லை.

ஹெட்டி அட்டையைக் கவிழ்த்தார். கிளைவின் அட்டை மட்டும் கையிலேயே இருந்தது.

"அவன் முதுகைப் பாத்தாலே பாவமா இருக்கு," என்று கிசுகிசுத்தார்.

"முதுகுக்கு மூஞ்சியா இருக்கு? வைடா," என்று ஹெட்டி பல்லைக் கடித்தார்.

கிளைவ் கண்ணை மூடிக்கொண்டு அட்டையைக் கவிழ்த்தார்.

மோய்ரா தலையை ஆட்டினாள். அதுதான் டிங்கர். நான்கும் ஐந்தும் படத்தோடு தாண்டின. ஆறாவது கறுப்பு நிற ஸ்டவுட் பீர். திருவிழா நோட்டீஸில் முதலில் போட்டிருந்ததே அதுதான். நெவில் ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்தது. ஹெட்டி ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். கிளைவைப் பார்த்தார். இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அட்டையைக் கவிழ்த்தார்கள்.

"இது நான் வச்ச கெட்டது இல்லையே," என்றாள் மோய்ரா.

நெவில் திரும்பிவிட்டார். கவிழ்ந்திருந்த இரண்டு அட்டையையும் பார்த்தார். வந்து கிளாஸைத் தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு, ஒரு தூசி இல்லை. அவர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

"மன்னிச்சுக்க கண்ணு," என்றார் ஹெட்டி. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "எனக்கு என்ன தெரியும்... வெண்ணெய் மாதிரி ஏதோ..."

"என்ன வெண்ணெய்? ரொட்டியில தடவுறதா, உருக்கினதா?"

"டாஃபி," என்றார் கிளைவ். "வெண்ணெய் போட்டுக் காய்ச்சின டாஃபி."

"தொண்டைல வழவழன்னு நிக்குதா?"

"ஆமாடா."

நெவில் கிளாஸை வைத்தார். காலையில் இருந்து இறுகிக் கிடந்த முகம் மெல்லத் தளர்ந்தது. "கெட்டுப் போகல," என்றார். "அவசரப்பட்டுட்டேன். ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கல. அந்த டாஃபியை அதுவே தின்னு தீத்துடும். ரெண்டு நாள் விடணும். ஓட்டை உள்ள மெத்து ஆப்பு அடிச்சு வைப்போம். கொஞ்சம் கதகதப்பான மூலைல வச்சிருந்தா இன்னும் சீக்கிரம் ஆயிருக்கும், ஆனா இப்ப நகத்தக் கூடாது, கலங்கிடும். வெள்ளிக்கிழமை காலைல நீங்க ரெண்டு பேரும் மறுபடி பாருங்க. இதுக்குப் பதிலா ஒம்பதாம் நம்பர் பீப்பாயை இழுத்து விடுறேன்."

சொல்லிக்கொண்டே நிலவறைப் படிக்குப் போய்விட்டார். கதவு பூட்டியிருந்தது. அப்போதுதான் சாவி தன்னிடம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. கதவு முன்னால் சும்மா நின்றார்.

மோய்ரா பின்னாலேயே வந்தாள். "டங்கனா இருந்தா அந்த ஸ்டவுட்டைக் கீழ ஊத்திட்டு ஆலைக்காரனோட சண்டை போட்டிருப்பான்," என்றாள். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "மூக்கு வர்ற வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் காலைல எட்டரைக்கு இங்க இருக்கணும். ஒரு நாள் வரலைன்னாலும் பம்பு தொறக்கக் கூடாது."

"வராம எங்க போகப் போறாங்க?" என்றார் நெவில். பூட்டில் சாவியைத் திருப்பினார்.

பத்தரை மணி ரயிலில் முதல் கூட்டம் வந்தது. மழைக்கோட்டு போட்ட ஒரு உயரமான ஆள் நோட்டைப் பிரித்துக்கொண்டு, திருவிழா நோட்டீஸில் முதல் பெயரைக் காட்டினார்.

"இந்த ஸ்டவுட்டுக்காகத்தான் ரெண்டு ரயில் மாறி வந்தேன். தீந்துபோச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கல. வெள்ளிக்கிழமை வாங்க."

"கலங்கலா இருக்கா?"

"சுத்தமாத் தெளிஞ்சிருக்கு."

"அப்புறம் என்ன? ஒரு வாய் குடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அதுதாங்க பயமே," என்றார் நெவில். "ஹெட்டி வேணாம்னு சொல்லிட்டாங்க."

"ஹெட்டி யாரு?"

நெவில் பதினாலாம் நம்பர் மேஜையைக் காட்டினார். அங்கே ஹெட்டி முட்டையை ரொட்டி மேல் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஆள் எட்டிப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார், ஒன்பதாம் நம்பர் பீப்பாயில் இருந்து ஒரு பைண்ட் கேட்டார். நெவில் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இழுத்தார்.